இருசப்பன் கட்டிய மூட்டை

பிரசவத்துக்குப் போகிற மூட்டையில் நங்கூரக் கயிறு எதற்கு என்று சம்பூர்ணத்துக்குப் புரியவில்லை. கேட்டே விட்டாள்.

"இருக்கட்டும்மே. கயிறு இருந்தா ஒண்ணுக்கு ஆவும்" என்றான் இருசப்பன்.

"இன்னாத்துக்கு ஆவும்? டாக்டரம்மாவக் கட்டிப் போடப் போறியா?"

அவன் கயிற்றைச் சுருட்டிப் பழைய புடவைகளுக்கும் அரிக்கேன் விளக்குக்கும் நடுவில் திணித்தான். ஏற்கெனவே அந்த மூட்டைக்குள் உப்பு, கருவாடு, வெட்டுக்கத்தி, நிழலுக்குக் கட்டிக்கொள்ளக் கிழிந்த பாய்த்துணி ஒன்று, எல்லாம் போயாகி விட்டது. நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கக் கிளம்புகிறவனுக்கும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவனுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தனைக் கட்டிக்கொண்டோமே என்று சம்பூர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். வயிறு வேறு முன்னால் நின்றது. குனிந்து பிடுங்கவும் முடியவில்லை.

ஏற்பாட்டில் அவனைக் குறை சொல்ல முடியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அவர்கள் குப்பத்துக்கு பஸ் கிடையாது. இருசப்பன் கண்டக்டரைப் பிடித்து, நல்ல வஞ்சிர மீனாகப் பார்த்துக் கொடுத்து, சவுக்குத் தோப்புப் பக்கம் நிறுத்தச் சம்மதிக்க வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக் குழாயில் எப்போது தண்ணீர் வரும், எந்த மரத்தடியில் எறும்பு இல்லை, எந்தக் கடையில் வெந்நீர் தருவார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. டாக்டரம்மா சொன்ன ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்யவில்லை.

சம்பூர்ணத்தின் உடம்பில் ரத்தம் குறைவு. "ஒத்துப்போற ரத்தம் கையில இருந்தாத்தான் எனக்குத் தைரியம். முதல்ல உன் வீட்டுக்காரரைச் சோதிச்சுப் பார்ப்போம். இல்லேன்னா வேற ஆளைத் தேடணும், அதுக்கும் நாள் வேணும்" என்று டாக்டரம்மா முதல் தடவையே சொல்லிவிட்டாள். அதைச் சம்பூர்ணம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் குழந்தை வீட்டில்தான் பிறந்தது. நன்றாக அழுதது. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது. இனி ஒன்று உண்டானால் ஆஸ்பத்திரியில்தான் என்று அன்றைக்கே அவள் முடிவு செய்திருந்தாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் அவளால் தாங்க முடியாது.

ஆனால் இருசப்பனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு கிடைத்தது. ஒரு தடவை கரிநாள். ஒரு தடவை வலை கிழிந்தது. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கிற அறை வாசல் வரைக்கும் வந்தவன், நர்ஸ் பெயரைக் கூப்பிடுகிற நேரத்தில் மாயமாகி, கையில் இளநீரோடு திரும்பி வந்தான். "வெயிலாக்கீதே, குடி" என்றான். அந்த இளநீரை அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று அவளுக்கு இருந்தது. தாகமாக இருந்ததால் குடித்துத் தொலைத்தாள்.

இப்போது மாதம் நிறைந்துவிட்டது. நாளைக்குக் கடைசிச் சோதனை; அப்படியே பிரசவத்துக்கு அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான். அவன் கயிறு சுருட்டிக்கொண்டிருக்கிறான்.

"யோவ், நாளிக்கி ரத்தம் குடுப்பியா மாட்டியா? அத்தச் சொல்லு மொதல்ல."

"பாக்கலாம்மே."

"இன்னா பாக்கலாம்? ஊசிக்கு பயந்துகினு ஒளியற ஆம்பளய நான் எங்கியும் பாத்ததில்ல."

அடுப்படியில் இருந்த கன்னியம்மாவும் சேர்ந்துகொண்டாள். இருசப்பனின் அக்கா அவள். பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தாள். "டேய் இருசா, கெளுத்தி முள்ளு உள்ளங்கையில ஏறினப்போ பல்லால கடிச்சு இழுத்தவன்டா நீ. இந்த இத்துனூண்டு ஊசிக்கா பேஜாரு பண்ற?"

அவன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மூட்டையை முடிச்சுப் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் எழுந்து போனான். கன்னியம்மா சொன்னதும் உண்மைதானே, ஊசிக்குப் பயப்படுகிறவனா இவன் என்று சம்பூர்ணத்துக்குத் தோன்றியது. ஆனால் எரிச்சலில் இருக்கிறவளுக்கு யோசிக்க ஏது பொறுமை? அவளுக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் பஸ் சவுக்குத் தோப்பில் ஒழுங்காக நின்றது. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை இருசப்பன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தான். ஆஸ்பத்திரியில் எறும்பில்லாத மரத்தடியாகப் பார்த்து அவளை உட்கார வைத்தான். பிறகு, "டீ வாங்கியாறேன்" என்று எழுந்தான்.

சம்பூர்ணம் மூட்டையை அவிழ்த்தாள். நங்கூரக் கயிற்றை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

"இது இன்னாத்துக்கு ஆவும்னு இப்பத்தான் தெரிஞ்சுது. நீயே கட்டிக்கினு உள்ள போறியா, நான் கட்டி இட்டுக்கினு போவட்டா?"

மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருசப்பன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. கயிற்றைச் சுருட்டி மூட்டைமேல் வைத்துவிட்டு, "நீ வராத. இங்கியே இரு" என்று சொல்லி உள்ளே போனான். நிஜமாகவே போகிறானா என்று சம்பூர்ணம் எக்கிப் பார்த்தாள். ரத்தம் எடுக்கிற அறைக்குள்தான் போனான்.

கன்னியம்மா டீ வாங்கி வந்தாள். அது ஆறியது. பக்கத்தில் இருந்தவர்கள் சோற்றுப் பொட்டலம் பிரித்தார்கள். அவன் வரவில்லை. பின்வாசல் வழியாக ஓடிவிட்டானோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம். கடைசியில் அவன் வந்தபோது முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. வந்தவன் அவள் எதிரே மண்ணில் குந்தினான்.

"சேந்துச்சும்மே."

"இன்னா சேந்துச்சு?"

"ரத்தம். ஒனக்கும் எனக்கும் ஒண்ணுதானாம். ஒத்துப்போவுதாம். நர்ஸம்மாவ ரெண்டு தபா கேட்டுட்டேன்."

"அதுக்கு ஏன்யா அழுவுற?"

அவன் பஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னான். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்க்கிற சுப்புராமன் சாருக்கு அவன்தான் மீன் கொடுப்பான். முதல் குழந்தை போன சேதி கேட்டு அவர் விசாரித்தார். புருஷன் ரத்தமும் பெண்டாட்டி ரத்தமும் ஒத்துப்போகாமல் இருந்தால் குழந்தை தங்காது என்று எங்கேயோ படித்ததைச் சொன்னார். அவர் சொல்லிவிட்டுக் கெளங்கா மீனைப் பேரம் பேசப் போய்விட்டார். இவன் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான்.

"சோதிச்சுப் பாத்து, ஒத்துப்போவலன்னு சொல்லிட்டாங்கன்னா இன்னா பண்றது? அந்தப் புள்ளய நான்தான் கொன்னேன்னு ஆவும். இந்தப் புள்ளயும் போவும். நீ என் மூஞ்சிய பாப்பியா? அதான்மே."

சம்பூர்ணத்துக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். "படுபாவி" என்றாள். "இம்மாம் நாளா இத்த உள்ள வச்சிக்கினு, ஊசிக்கு பயந்தவன்னு நான் சொன்னத்தயும் கேட்டுக்கினு இருந்தியா? ஒரு வார்த்த சொல்லி இருந்தா நான் இன்னா உன்ன முழுங்கிடவா போறேன்? நீ உன்னுத சொல்லி இருந்தா நானும் என்னுத..."

சட்டென்று நிறுத்தி, கயிற்றின் நுனியைத் திருகினாள்.

"உன்னுத இன்னாது?" என்றான் அவன்.

கன்னியம்மா வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். முதல் பிள்ளை பிறப்பதற்கு முந்தின நாள் காலையில், வேண்டாம் வேண்டாம் என்று கன்னியம்மா சொல்லச் சொல்ல, நல்ல இறால் கெட்டுப் போகிறதே என்று சம்பூர்ணம் நிறைகூடையைத் தலையில் ஏற்றித் திருக்கழுக்குன்றம் சந்தைக்கு நடந்தாள். திரும்பி வந்ததும் வலி கண்டது. பிள்ளை போனது அந்தக் கூடையால்தான் என்று அவளுக்குள் ஒரு தீர்ப்பு இருந்தது. புருஷனிடம் சொன்னதில்லை. இப்போது சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இருசப்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு விடுவிடு என்று உள்ளே நடந்தான்.

"யோவ், எங்க போற?"

"கேட்டுக்கினு வரேன்."

"வாணாம்யா. வந்துடு." அவள் எழப் பார்த்தாள். வயிறு எழவிடவில்லை. அவன் அதற்குள் போய்விட்டான். சம்பூர்ணம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பதிலைக் கேட்காமல் டீக்கடைக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. இளநீரும் கையுமாக இவன் ஏன் திரும்பி வந்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

நீளத் தாழ்வாரத்தின் கோடியில் அவன் தலை தெரிந்தது. கிட்டே வருகிற வரை பொறுக்க மாட்டாதவன், கடலில் அடுத்த கட்டுமரத்துக்குக் குரல் கொடுக்கிற மாதிரி அங்கிருந்தே கத்தினான்.

"கூடய தூக்குனதுக்கெல்லாம் புள்ள போவாதாம்மே. டாக்டரம்மாவே சொன்னாங்க. அது உன்னால இல்லியாம்."

வரிசையில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து சத்தம் போடாதே என்று அதட்டினாள்.

"இந்த மனுசன் மானத்த வாங்கறதுக்குன்னே பொறந்துக்கீது பாரு அண்ணி" என்று சம்பூர்ணம் கன்னியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்க அழுதாள். ஆஸ்பத்திரியே கேட்டால்தான் என்ன, அவன் இன்னொரு தடவை கத்தமாட்டானா என்று இருந்தது அவளுக்கு.