மாசம் ஒரு தடவை தூக்கி வைக்கணும்

ஜெயபாய் இந்த உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் இசக்கியம்மாள். ராஜபாளையத்து நூல் ஆலை ஒன்றில் பதினோரு வருஷம் ரெண்டு பேரும் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் எதிரெதிரே நின்றவர்கள். அறுந்த நூலை ஒரு நொடியில் முடிச்சுப் போட்டு ஓடவிடும் வேலை. அந்த முடிச்சு லேசில் கைக்கு வராது. முதல் வாரம் விரல் கிழிந்து ஜெயபாய் அழுதபோது, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துப் போட்டுக் காட்டியவள் இசக்கிதான். குருணை அரிசி அளவு, வால் தெரியாமல் இறுகி விழும் முடிச்சு. வைண்டிங் பெண்களைத் தவிர வேறு யாருக்கும் வராது. மண்வெட்டி பிடித்த கை ஏழு ஜென்மம் எடுத்தாலும் போடாது.

எண்பத்தெட்டில் ஆலையை மூடினார்கள். கடைசி நாள் கேட்டோரம் அழகுக்கு நட்டிருந்த, அடி பருத்த பாட்டில் பாம் மரத்தடியில் பழங்கள் சிந்திக் கிடந்தன. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஜெயபாய் குனிந்து விதை பொறுக்குகிறாள். "என்னட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சிரித்த இசக்கியும் முந்தியை விரித்து நாலு கை அள்ளிப் போட்டாள்.

மண் சட்டியில் ஆற்று மணல் பரப்பி ஜெயபாய் அந்த விதைகளைப் போட்டாள். மூன்று மாசம் ஒரு அசைவும் இல்லை. அடுப்படியில் குழந்தை தூங்குவது போல் அவள் அந்தச் சட்டியைச் சுற்றிச் சத்தமில்லாமல் நடந்தாள். பிறகு ஊசி ஊசியாக வந்தது. ஒற்றை இலை விட்டதும் சின்னப் பைக்கு மாற்றினாள், மறுவருஷம் பெரிய பைக்கு. செம்மண், மணல், மக்கிய சாணி. மாற்றுவதற்கு முந்தின சாயங்காலம் தண்ணீர் விட்டு, பையைப் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் ரெண்டு கையில் ஏந்தி இறக்குவாள். கழுத்துக்கு மேல் மண் போட மாட்டாள். பதினைந்து நாள் தென்னங்கீற்று நிழல். நம்ம ஊர் வெயிலுக்கு இதில் ஒன்று தப்பினாலும் செடி கருகிவிடும். எத்தனையோ போய், கடைசியில் நாற்பது நின்றது. மூன்றரை அடி உயரம், நாற்பதும் ராஜா மாதிரி.

தொண்ணூற்றிரண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார்கள். வாசலில் இருந்து ரோடு வரைக்கும் ரெண்டு பக்கமும் பாட்டில் பாம் வேண்டுமாம், நாற்பது. ஆவணியில் திறப்பு, ஆனியில் நட்டாக வேண்டும். ஜெயபாய் கூலி பேசவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் குழாயோடு சும்மா கிடக்கிற ஐந்து சென்ட் இடத்தில் நர்சரி போட்டுக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டாள். மேனேஜர் சங்கரலிங்கம் நல்ல மனுஷன். "நாப்பதும் வந்து நிக்கட்டும்மா, இடம் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். காலை நீட்டிப் படுக்க வழியில்லாத லைன் வீட்டுக்காரிக்கு ஐந்து சென்ட் என்றால் என்னவென்று இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

லைன் வீட்டில் இடம் போதாமல் போனபோதே இசக்கிதான் சொன்னாள், மம்சாபுரத்தில் இருக்கிற தங்கள் தோட்டத்தில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி. கிணறு இருக்கிறது, தண்ணீர் பாய்கிறது. வைத்த அன்று இசக்கி கயிறு பிடித்தாள். "நெருக்கி வைக்காதட்டி, காத்து போகணும்லா" என்று எட்டடிக்கு ஒன்றாக, நடுவில் வண்டி போகிற அளவுக்கு இடம் விட்டு, ரெண்டு வரிசை. என் செடி மேல் இவளுக்கு எம்புட்டு அக்கறை என்று ஜெயபாய்க்கு மனசு நிறைந்து போனது.

பாம் வேருக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் வடிய பையின் அடியில் போட்ட துளை வழியே இறங்கித் தரையைப் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் அது பைச்செடி இல்லை, அந்த நிலத்து மரம். இழுத்தால் வேர் அறும். அறுந்த செடி வெயிலில் பிழைக்காது, குருத்து கையோடு வந்துவிடும். அதனால் மாசம் ஒரு தடவை ஒவ்வொரு பையையும் தூக்கி, நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும். ஜெயபாய் ஒரு மாசம் தவறியதில்லை.

பங்குனியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மாசம் ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. ஜெயபாய் முதலில் கேட்டது செடியைப் பற்றித்தான்.

"நான் செத்தா போனேன்? நான் தூக்கி வைக்க மாட்டனா?" என்றாள் இசக்கி.

பால்கோவாவும் கையுமாக மாசாமாசம் பார்க்க வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிவிட்டாள். "அம்புட்டும் தூக்கி வச்சுட்டேன் பிள்ளை, இடுப்பு விட்டுப்போச்சு" என்றாள். ஜெயபாய் அவள் இடுப்பைத் தடவிக் கொடுத்தாள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆனி பிறந்து மூன்றாம் நாள், உக்கிரபாண்டியின் வாடகை வேனைப் பிடித்துக்கொண்டு ஜெயபாய் மம்சாபுரம் போனாள். தோட்டம் தோட்டமாக இல்லை. வெள்ளையடித்த மனைக்கற்களைக் கட்டம் கட்டமாக ஊன்றியிருந்தார்கள். வாசலில் 'பாம் நகர்' என்று புதுப் போர்டு. போர்டில் இருந்து உள்ளே ரெண்டு பக்கமும் அவளுடைய பாம்கள், எட்டடிக்கு ஒன்றாக, நடுவில் வேன் தாராளமாகப் போனது.

இறங்கி முதல் பையைப் பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை.

வீட்டில் இருந்து இசக்கி ஓடி வந்தாள். "ஏட்டி, வெயிலோட வந்திருக்க, செத்த நேரம் உள்ள வந்து உக்காரு..."

ஜெயபாய் உட்காரவில்லை. பையைச் சுற்றி அணைத்திருந்த மண்ணைக் கையால் பறித்தாள். ஒரு முழம் போனதும் பையின் கீழ் விளிம்பு தெரிந்தது. அடி இல்லை. வட்டமாக, சுத்தமாக அறுத்து எடுத்திருந்தது. வேர்கள் விரல் தண்டிக்குக் கீழே இறங்கியிருந்தன.

"கரையான் தின்னுருச்சோ என்னமோ" என்றாள் இசக்கி.

"கரையான் பிளேடு வச்சா தின்னும்?"

இசக்கி முந்தியால் முகத்தைத் துடைத்தாள். "எங்க வீட்டுக்காரவிய வேலைதான்ட்டி. பிளாட்டு போடுறதுக்கு மரம் நின்னா எடுப்பா இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. நான் சொன்னா கேக்குற ஆளா அவிய? சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் வீட்டுக்காரர் வேல்சாமியை ஜெயபாய்க்கு என்றைக்குமே பிடிக்காது. அதனால் அந்த ஒரு நிமிஷம், இத்தனை அநியாயத்துக்கு நடுவிலும், அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. செடி போனாலும் இவள் இல்லை. இவள் செய்யவில்லை. அது போதும் என்று தோன்றியது.

அப்போதுதான் நூலைப் பார்த்தாள். அறுத்த விளிம்புக்கு மேலே, மண்கட்டி சரியாமல் பையைச் சுற்றி ரெண்டு சுற்று நூல். ஈரத்தில் பழுத்த ஆலை நூல். அதில் ஒரு முடிச்சு. குருணை அரிசி அளவு, வால் தெரியாமல்.

அடுத்த பைக்குப் போய்ப் பறித்தாள். அதே முடிச்சு. எதிர் வரிசையில் ஒன்றைப் பறித்தாள். அதே முடிச்சு.

"ஏ இசக்கி, உன் வீட்டுக்காரருக்கு வைண்டிங் முடிச்சு எப்பட்டி தெரியும்?"

வேனில் சாய்ந்து நின்ற உக்கிரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அடிய அறுத்தா மண்ணு கொட்டிரும்லா" என்றாள் இசக்கி மெதுவாக. "வேரு வெந்துரும்னுதான் கட்டுனேன்."

"நாப்பதுக்குமா?"

"நாப்பதுக்கும்."

ஜெயபாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கூடக் கயிறு பிடிச்சியே, அன்னைக்கே இங்க தெருவு போட்டுட்டியாட்டி? என் கட்டில்ல உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சுன்னியே. நான் தடவிவிட்டனேட்டி, பாவி!"

"விதை நானுந்தான பொறுக்குனேன்" என்றாள் இசக்கி. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"பொறுக்குன. இல்லைங்கல. கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன். அம்புட்டும் கேட்டிருந்தாலும் குடுத்துட்டு, மறுபடியும் சட்டில விதை போட்டிருப்பேன். கேக்க வாய் வரலயா உனக்கு?"

"கோவப்படாதட்டி. நீயே வந்து தண்ணி ஊத்து. மாசம் ஒரு சம்பளம் போடச் சொல்லுதேன். உன் செடி உன் கண்ணு முன்னாலயே நிக்கும்லா."

இதை அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் ஜெயபாயை அறுத்தது. சொந்தச் செடிக்குச் சம்பளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரச் சொல்கிறாள், கிராதகி, பாசத்தோடு!

எழுந்து வேனைப் பார்க்க நடந்தாள். நாலு அடி போனவள் திரும்பிப் பார்த்தாள். பறித்துப் போட்ட மூன்று குழியிலும் வேர் வெயிலில் கிடந்தது. உச்சி வெயில். அரை மணி நேரத்தில் வாடிவிடும்.

போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கால் வரவில்லை. திரும்பி வந்து குனிந்து, தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுக்க, மூன்றுக்கும் மண்ணைத் தள்ளி அமுக்கினாள். குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைப் பிரித்து ஊற்றினாள்.

"கோவம் போயிருச்சாட்டி?" என்று இசக்கி பக்கத்தில் வந்தாள்.

"செடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஜெயபாய். "உன் மூஞ்சில இனி முழிக்க மாட்டேன், போ."

வேனில் ஏறியதும் உக்கிரபாண்டி கேட்டான்: "வீட்டுக்குத்தானக்கா?"

"இல்ல. சீவில்லிபுத்தூருக்கு விடு. மண்டபத்துல சொல்லணும்."

மண்டபத்தில் வாசலில் இருந்து ரோடு வரைக்கும் நாற்பது குழிகள் வெட்டி, எரு போட்டு, தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். அப்போதுதான் விட்ட தண்ணீர் போல, எல்லாக் குழியிலும் இன்னும் நுரை இருந்தது. சங்கரலிங்கம் வெளியே வந்து, காலியாக நின்ற வேனை எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா, பாம் எதையும் காணோம்? குழி ரெடியா இருக்கே. இன்னைக்கு நடலியா?"

"நட்டாச்சு சார்" என்றாள் ஜெயபாய். "எனக்குத் தெரியாமலே நட்டுட்டாங்க."