கரும்பலகையில் ட்ராயர் வீட்டுப் பெயர்

அமெரிக்கக் கிராமத்தில் பழைய முறைப்படியே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர் படிக்கும் அந்த ஒற்றையறைப் பள்ளியின் கரும்பலகையில் ஈனோஸ் ட்ராயர் குடும்பத்தார் பெயர் ஏறியதே இல்லை. மகன்கள் நால்வரும் மகள்கள் மூவரும் எட்டு வகுப்பையும் அங்கேதான் முடித்தார்கள். பள்ளிக்குள் ஆங்கிலம்தான் பேச வேண்டும். வீட்டுமொழியான ஜெர்மன் பேசினால் பலகையில் பெயர், இடைவேளையில் விளையாட்டு கிடையாது. பள்ளிக் குழுத் தலைவராக இருந்து அந்த விதியைப் போட்டவரே ஈனோஸ்தான்.

அன்று காலை, பள்ளி அறையைச் சூடாக்கும் அடுப்புக்கு நிலக்கரி கொண்டுவந்த ஈனோஸைக் கண்டதும், முதல் வகுப்பிலிருந்த பேத்தி லோவினா துள்ளி எழுந்தாள்.

"தாத்தா! நம்ம குதிரை குட்டி போட்டுச்சா?"

கேட்டது வீட்டுமொழியில். ஆசிரியை வெர்னா எழுந்துபோய் அவள் பெயரைப் பலகையில் எழுதினாள். வெர்னாவுக்குப் பத்தொன்பது வயது. வேலை கொடுத்ததும் ஈனோஸ்தான்.

அவர் தொப்பியைக் கழற்றினார். ஆங்கிலத்தில், சொல் சொல்லாக அடுக்கினார்.

"வெர்னா, எங்க வீட்டுப் பேரு அந்தப் பலகையில ஏறினதே இல்ல."

"தெரியுங்க. நான் இங்க படிச்சப்ப எங்க வீட்டுப் பேருதான் இறங்கினதே இல்ல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சின்னப் பொண்ணு. அழிச்சிடு."

"சட்டம் நீங்க போட்டது. அழிக்கச் சொன்னா அழிச்சிடறேன்," என்று டஸ்டரை எடுத்தாள். "நாளைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை பேரை எந்த முகத்தோடங்க எழுதறது?"

ஈனோஸுக்கு முகம் சிவந்தது. "விடியக்காலையில குதிரை குட்டி போட்டிருக்கு, குழந்தை அதைக் கேக்கக்கூடாதா?"

பிள்ளைகளின் கண்கள் எல்லாம் பலகைக்குப் போயின. அதட்டியது வீட்டுமொழியில் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அப்ப போட்டுடுச்சு!" என்று கண்ணீரோடு கத்தினாள் லோவினா, சுத்தமான ஆங்கிலத்தில்.

வெர்னா டஸ்டரை வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள், எழுதவில்லை. கதவு இரண்டடி தூரம்தான். அவர் பேசாமல் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ட்ராயர் வீட்டார் தாங்கள் சொன்ன சொல்லுக்குப் பின்வாசல் வைத்தவர்கள் அல்ல.

"என் பேரையும் எழுதும்மா," என்றார். "பிழையில்லாம எழுது."

இடைவேளையில் மற்றவர்கள் பந்தடிக்க ஓடினார்கள். முழங்கால் மேசையில் இடிக்க, சின்ன பெஞ்சில் பேத்திக்குப் பக்கத்தில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார் ஈனோஸ்.

"என்ன நிறம்?" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள் அவள்.

கறுப்பு என்றார். நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு வெள்ளைக் கீற்று. அதற்கான ஆங்கிலச் சொல் சட்டென்று வாயில் வரவில்லை. வெர்னா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம் நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை விரலால் மெல்ல ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.