அள்ளு வண்டிக்கு முன்னால்

அந்த சைக்கிள் பந்தயத்தில் எல்லோருக்கும் கடைசியில் ஒரு பஸ் வரும். முடியாமல் போகிறவர்களை ஏற்றிக்கொள்வதற்காக நகரப் போக்குவரத்து டிப்போ கொடுத்து உதவும் பஸ். பந்தயம் நடத்துகிறவர்கள் அதன் நெற்றியில் ‘உதவி வாகனம்’ என்று மரியாதையாக எழுதி ஒட்டியிருந்தார்கள். சைக்கிள்காரர்கள் அதை அள்ளு வண்டி என்பார்கள். விதி சுலபம். பஸ் தனக்குச் சொன்ன வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். அதன் முகம் உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் பந்தயம் முடிந்தது. முதுகில் குத்தியிருக்கும் நம்பர் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சைக்கிளைப் பின்னால் வரும் லாரியில் போட்டுவிட்டு, சமர்த்தாக உள்ளே ஏறி உட்கார வேண்டியதுதான்.

இந்த வருடம் அதை ஓட்டும் முறை கடிகாரத்துக்கு வந்தது. கடிகாரம் என்பது டிப்போவில் அந்த டிரைவருக்கு வைத்த பெயர். அவருடைய மனைவியும் பந்தயத்தில் இருந்தாள்.

வேறு எந்த டிரைவராக இருந்தாலும் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. கடிகாரம் யாருக்காகவும் நிற்காதவர். தலைகீழாக நின்று கெஞ்சினாலும் நேரமானால் கதவை மூடிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் காலையில் ஒரு பெண் குடையும் பையுமாக அவருடைய பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தாள். கண்ணாடியில் பார்த்தார். மனைவிதான். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்குக் காலை ஷிப்ட். பார்த்துவிட்டு கியரைப் போட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

“ஓடி வந்தது நான்னு தெரியலையா உங்களுக்கு?” என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

“தெரிஞ்சுதே. நேரமாயிடுச்சு.”

இதை ஒரு பதில் என்று நினைத்துச் சொன்ன மனிதரை என்ன செய்வது? அவள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு பழைய கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினாள். “இனிமே உங்க பஸ்ஸு வந்தா என்ன, வராட்டி என்ன” என்றாள்.

கோபத்தில் வாங்கிய சைக்கிள்தான், ஆனால் கோபம் போன பிறகும் அவள் இறங்கவில்லை. வேலைக்குப் போய்வந்தது போதாமல் ஞாயிற்றுக்கிழமையும் ஊரைச் சுற்றினாள். ஈரத்துணி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் தள்ளித் தள்ளி உரமேறிய கால்கள் அவளுக்கு. போன வருடம் துணிந்து பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். ஏரியைச் சுற்றிப் போய், தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி இறங்கி, விளையாட்டு மைதானத்தில் முடியும் பாதை. முடிக்கிற எல்லோருக்கும் ஒரு மெடல் உண்டு. மேட்டின் பாதியில் பஸ் அவளைத் தாண்டிவிட்டது. மறுநாள் சலவைப் பிரிவில் எல்லோரும் மெடலைக் காட்டச் சொல்லி நின்றார்கள். “பஸ்ஸுல வந்தேன்” என்றாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து வருடம் முழுக்க, வெயில் மழை பாராமல், வேலை முடிந்து வரும் வழியில் அந்த மேட்டில் ஒரு தடவை ஏறிவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

முறைப்பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் கடிகாரம் டிப்போ மேலாளரிடம் போய் வேறு யாரையாவது போடச் சொன்னார். மேலாளர் சிரித்தார். “நீங்க பொண்டாட்டிக்காக மெதுவா போவீங்கன்னு யாராவது சந்தேகப்படுவாங்களா? போங்க சார், போய் வேலையைப் பாருங்க.”

வீட்டில் சொன்னதும் அவளும் அதையேதான் சொன்னாள். “நீங்களே ஓட்டுங்க. உங்களை மாதிரி நேரம் பார்த்து ஓட்டற ஆள் வேற யாரு? ஆனா ஒண்ணு. எனக்காக நீங்க வேகத்தைக் குறைச்சீங்கன்னு வைங்க, அப்புறம் அது என் மெடல் இல்ல, உங்க மெடல். அது எனக்கு வேண்டாம்.”

“நான் ஏன் குறைக்கறேன்?” என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

பந்தய நாளன்று தெரு நிறைய சைக்கிள்கள். விசில் ஊதியதும் அத்தனையும் கிளம்பி, கடைசிச் சக்கரம் மூலை திரும்பும் வரை அவர் காத்திருந்து வண்டியை எடுத்தார். பக்கத்து சீட்டில் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் ஒருவர் சிவப்புக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் யாரைத் தாண்டுகிறதோ அவருக்கு ஜன்னல் வழியே கொடி காட்டுவது அவர் வேலை.

முதலில் ஏறியவர் காய்கறிக் கடைக்காரர். தொப்பையும் அவருமாக வியர்த்து வழிந்து வந்து உட்கார்ந்ததும், “அப்பாடா, நல்ல காத்து வருதுண்ணே உங்க பஸ்ஸுல” என்றார். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்து ஏறிய பல் டாக்டருக்கு நிறைய வருத்தம் இருந்தது. சைக்கிள் மட்டுமே ஒரு காரின் விலை இருக்கும். தொடையில் தசை பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மிதித்தவர், “ஒரு நூறு மீட்டர் பொறுங்க டிரைவர் சார், சரியாயிடும்!” என்று கத்தினார். பஸ் பொறுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி, கடிகாரத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் இன்னும் சிலர் ஏறினார்கள். எல்லோரும் தோற்றவர்கள் என்பதால் பஸ் சீக்கிரமே கலகலப்பாகிவிட்டது.

ஏரிக்கரை முடியும் இடத்தில் ஒரு பெண் சாலையோரத்தில் முட்டி போட்டு, பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பஞ்சர் பார்ப்பது தூரத்திலேயே தெரிந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே சுருட்டிச் செருகிய பின்னலைப் பார்த்ததும் கடிகாரத்துக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வேக முள்ளைப் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பஸ் அவளை நெருங்கிக்கொண்டே போனது. அவள் திரும்பிப் பார்க்காமல் டியூபை உள்ளே தள்ளினாள், டயரை விளிம்பில் ஏற்றினாள், பம்ப்பை அடி அடி என்று அடித்தாள். வாத்தியார் கொடியைக் கையில் எடுத்தார். அவள் சக்கரத்தை மாட்டி, எழுந்து, ஓடியபடியே ஏறி மிதித்தபோது பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வண்டி நீளம் இருந்திருந்தால் அதிகம்.

“ஐயோ, சபாஷ்!” என்றார் காய்கறிக் கடைக்காரர். “யாருண்ணே இந்த அம்மா?”

கடிகாரம் மறுபடி வேக முள்ளைப் பார்த்தார்.

அதற்கப்புறம் பஸ்ஸுக்கு முன்னால் அந்த ஒரு முதுகு மட்டும்தான். தொட்டி மேட்டின் அடிவாரம் வந்தது. மேட்டில் பஸ்ஸுக்கும் குறைந்த வேகம்தான், ஆனால் அந்த வேகத்தில் ஏறுவதற்கே நல்ல கால் வேண்டும். பாதி மேடு வரை ஒழுங்காகப் போனாள். போன வருடம் ஏறிக்கொண்ட இடத்தைத் தாண்டினாள். அதைக் கவனித்தவர் அந்த பஸ்ஸில் ஒருவர்தான். பிறகு சைக்கிள் ஆடத் தொடங்கியது. பஞ்சரில் அடித்த பம்ப் கைகளை வாங்கிவிட்டது போல. சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து மிதித்தாள்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்கண்ணே. பாவம்” என்றார் காய்கறிக் கடைக்காரர். பின்னால் நாலைந்து குரல்கள் அதையே சொல்லின.

“அதெப்படி?” என்றார் பல் டாக்டர். “நான் நூறு மீட்டர் கேட்டேன், குடுத்தாரா? எனக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமா?”

அவர் கேட்டது நியாயம். கடிகாரத்துக்கும் அது நியாயம் என்று தெரியும். இத்தனை வருடமாகத் தெரியும். ஆனாலும், சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவள் விழப்போவது போலத் தெரிந்த அந்தக் கணத்தில், யாரையும் கேட்காமல் அவர் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பிவிட்டது. இஞ்சின் சத்தம் இறங்கியது. வாத்தியார் கண்டும் காணாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. பஸ் டிரைவரின் மனைவிக்கு இஞ்சின் சத்தம் இறங்கினால் தெரியாதா? மிதித்தபடியே கழுத்தைத் திருப்பி, கிரீஸ் அப்பிய கையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“யோவ் டிரைவரு! அன்னிக்கு ஓடி வந்தேனே, நின்னியா? இன்னிக்கு மட்டும் என்ன வந்துது? ஒழுங்கா வாய்யா!”

பஸ்ஸில் இருந்தவர்கள் டிரைவரைப் பார்த்தார்கள்.

“உங்களுக்குத் தெரிஞ்சவங்களாண்ணே?” என்று மெல்லக் கேட்டார் காய்கறிக் கடைக்காரர்.

“வீட்டுக்காரி” என்றார் கடிகாரம். காலை அழுத்தினார்.

பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. முள் தன் இடத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. அவளுடைய பின்சக்கரம் முன்கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு வந்து, பிறகு அவருடைய கண்ணிலிருந்தே மறைந்தது. அவ்வளவு நெருக்கம். பிரேக்கின் மேல் ஒரு காலைத் தயாராக வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். போடீ, போடீ என்று உதடு முணுமுணுத்தது. வாத்தியார் கொடியை ஜன்னலுக்கு வெளியே பாதி நீட்டிவிட்டார். அவள் சீட்டை விட்டு எழுந்து நின்றாள். உடம்பின் பாரம் மொத்தத்தையும் ஒவ்வொரு மிதியிலும் இறக்கினாள். இடது, வலது, இடது, வலது.

“மிதிங்கம்மா!” என்று ஒரு குரல் பஸ்ஸே அதிரும்படி கேட்டது. பல் டாக்டர்தான். சீட்டின் மேல் முட்டி போட்டு ஜன்னல் வழியே தலையை விட்டிருந்தார். “விடாதீங்க! இன்னும் கொஞ்சம்தான்! மிதிங்க, மிதிங்க!” தொடை வலி என்ன ஆனதோ தெரியாது.

பின்சக்கரம் மறுபடி கண்ணாடியில் தெரிந்தது. அப்புறம் முதுகு. அப்புறம் அவள் முழுதாக. வாத்தியார் கொடியை உள்ளே இழுத்துச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போட்டார். மேட்டின் உச்சியில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி அவள் இறங்க ஆரம்பித்தாள். இறக்கத்தில் சைக்கிள் பஸ்ஸுக்காகக் காத்திருக்குமா? திருப்பத்தில் போனவள் போனவள்தான். வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டிய கடிகாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டார். ஆறு வரிசைக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் கூட அது தெரிந்தது, யாரும் கேலி செய்யவில்லை.

இறக்கத்தின் முடிவில் ஒருத்தரை அள்ள வேண்டியிருந்தது. தலை முதல் கால் வரை ஒரே நிறத்தில் உடுத்தியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி. ஏறியதும் ஏறாததுமாக, “ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போச்சுங்க. என்ன வேகம்! யாரு சார் அது?” என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டிரைவரைக் கை காட்டினார்கள்.

மைதானத்தில் அவள் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் பஸ்தான். ஆனால் கழுத்தில் மெடல் விழுந்தது, எல்லோருக்கும் விழுந்த அதே மெடல். பல் டாக்டர் முதல் ஆளாக இறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, தன் கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டார். கடிகாரம் எல்லோரும் இறங்கும் வரை பொறுமையாக இருந்து, லாரியிலிருந்து சைக்கிள்களை இறக்கிக் கொடுத்து, வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டு, கடைசியில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“மேட்டுல காலை எடுத்துட்டேன்” என்றார். “வேணும்னு செய்யல.”

“தெரியும். அதான் கத்தினேன்” என்றாள். முகம் சிவந்து, வாயெல்லாம் பல்லாக இருந்தது. “அப்புறம் எடுக்கலையே?”

“எடுக்கல. சத்தியமா எடுக்கல.”

“அப்ப சரி. இது என்னுதுதான்.” மெடலை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். நிற்க முடியாமல் அவள் கால்கள் வெடவெடவென்று ஆடின.

“வா, ஏறு. டிப்போ போற வழியில வீட்டுல இறக்கி விட்டுடறேன். சைக்கிளை உள்ளேயே போட்டுக்கலாம்.”

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். நெற்றியில் ‘உதவி வாகனம்’ இன்னும் ஒட்டியிருந்தது.

“இந்த பஸ்லயா? ஆளை விடுங்க. நான் மிதிச்சே வந்துக்கறேன்.”

சொன்னபடியே கிளம்பியும் விட்டாள். பந்தயத்துக்காக மூடியிருந்த சாலைகளைத் திறந்துவிட்டிருந்தார்கள், கார்களும் ஆட்டோக்களும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. அவள் ஓரமாக, நடக்கிறவர்களே தாண்டிப் போகும் வேகத்தில், உடம்பை வளைத்து மிதித்துக்கொண்டு போனாள். காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு கடிகாரம் பின்னாலேயே போனார். இப்போது எந்த விதியும் இல்லை. டிப்போவில் வண்டியை விட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் மணியைப் பார்க்கவே இல்லை. அவள் மெதுவாகப் போனால் மெதுவாகப் போனார், சிக்னலில் நின்றால் நின்றார், வேறு யாரும் நடுவில் புகுந்துவிடாதபடி சாலையை அடைத்துக்கொண்டு ஓட்டினார்.

பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். கடைசியில் ஒரு கார்க்காரன் பொறுமையிழந்து பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான். “என்ன சார் உருட்டறீங்க? வண்டி ரிப்பேரா?”

கடிகாரம் ஜன்னல் வழியே தோள் வரை வெளியே வந்து, தெருவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. முன்னாடி போறது என் பொண்டாட்டி. அவசரம்னா நீ சுத்திட்டுப் போ!”