கழற்ற முடியாத தங்கம்

அரிமளத்துச் சொர்ணவல்லிக்கு நகை வாங்கும் ராசி உண்டு, போட்டுக்கொள்ளும் ராசிதான் இல்லை. சிங்கப்பூரிலிருந்து புருசன் நாகராசு பணம் அனுப்புவான். அவள் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு சங்கிலியோ வளையலோ எடுத்து வருவாள். மறுவாரமே கொழுந்தன் குழந்தைசாமி வாசலில் நிற்பான். அடகு வைத்துவிட்டு, அறுப்பு முடிந்ததும் மீட்டுத் தருவதாகச் சொல்வான். இல்லையென்று சொல்ல இவளுக்கும் வாய் வராது. ஆசையாய் எடுத்த ரெட்டைவடச் சங்கிலி நாலு வருசமாகக் கூட்டுறவு வங்கியில் சுகமாகத் தூங்குகிறது.

இந்தத் தடவை அவள் விடுவதாக இல்லை. மகள் ஹரிணியை நர்சிங் படிக்க வைக்கச் சேர்க்கும் தங்கம் இது, யாருக்கும் போகக் கூடாது. கீழராஜ வீதிக் கடையில் விசாரித்தாள். நகையென்றால் செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போதே கரையும், தங்கக் காசாக எடுத்தால் அவ்வளவு போகாது என்றார்கள். காசென்றாலும் பீரோவில்தானே கிடக்கும்? கொழுந்தன் மோப்பம் பிடித்துவிடுவானே!

கடைசியில் ஷேர் ஆபீசில் வேலை பார்க்கும் அன்புமொழிதான் வழி சொன்னாள். செல்லிலேயே டீமேட் கணக்குத் தொடங்கி, கையில் நகையாக வராமல் கணக்கில் மட்டும் இருக்கும் தங்கமாக, கோல்டு இ.டி.எஃப். வாங்கலாம். தங்கம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், வேண்டும்போது விற்றுக்கொள்ளலாம். கண்ணால் பார்க்க முடியாத தங்கமா என்று சொர்ணவல்லி இரண்டு தடவை கேட்டாள். ஆனாலும் துணிந்து வாங்கினாள். அன்று சாயந்திரமே செல்லைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமமும் இட்டாள்.

நினைத்தது போலவே குழந்தைசாமி வந்தான். போர் போட வேண்டுமாம். அவள் செல்லில் தங்கக் கணக்கைத் திறந்து நீட்டினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இத எப்புடி அண்ணி கழட்டுறது?”

“கழட்ட முடியாது தம்பி. விக்கத்தான் முடியும். விக்கவா?”

பாவம், செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். அடகுக்கு நகை கேட்பது சொந்தபந்தத்தில் சகஜம். எனக்காக விற்றுக் கொடு என்று கேட்க எந்த மானஸ்தனுக்கு நாக்கு எழும்?

நிலக்கடலை விற்றதும் மறுபடி வந்தான், கையில் அந்த ரெட்டைவடத்தோடு. தங்க விலை இப்போது எங்கேயோ போய்விட்டது, மீட்டுத் திரும்ப அடகு வைத்தால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பது அவன் திட்டம். வங்கியில் நின்ற நிற்பிலேயே வைத்திருக்கலாம். ஆனால் மீட்ட நகையை ஒரு தரம் உடையவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி கேட்பது அந்தக் குடும்பத்து மரியாதை. கொடுத்தான்.

அவள் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. அவன் தொண்டையைச் செருமினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“ரெண்டு நாளு ஆசைக்குப் போட்டுக்கிறேன் தம்பி. அப்பறம் இதையும் வித்துச் செல்லுக்குள்ளயே போட்டுர்றேன்.”

குழந்தைசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் இலை போட்டு, சுடுசோறும் மீன்குழம்புமாகப் பரிமாறினாள். தலை நிமிராமல் சாப்பிட்டான். இரண்டாம் சோற்றுக்குக் குழம்பு ஊற்றும்போதுதான் மெதுவாகக் கேட்டான்.

“அந்தக் கணக்கு எப்புடி அண்ணி தொடங்குறது? என் மச்சினன் ஊருக்கு வந்துருக்கான். வந்ததுலேருந்து எங்க வீட்டுக்காரி வளையலையே பாத்துக்கிட்டு இருக்கான்.”