கிடங்கு வாசல் கல்

முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்து சாக்கட்டியால் அந்தச் சாலையோரக் கல்லின் முதுகில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனதிலிருந்து அடைக்கலமேரிக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை இன்னும் அகலப்படுத்துகிறார்களாம். கல்லறைத் திருநாளன்று காலையிலேயே கல்லைப் பெயர்த்து எங்கேயோ கொண்டுபோய் நடப்போகிறார்களாம். குறி போட்டவனுக்கு அது வெறும் கல். அவளுக்கு அது புருஷனின் கல்லறை.

யுத்த காலத்தில் அந்தக் கல்லுக்கு எதிரே ஒரு துரைக் கம்பெனியின் அரிசிக் கிடங்கு இருந்தது. ஐப்பசி மழையில் கால்வாய் கரையை உடைத்துக்கொண்டு வந்த அன்று, உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த கூலிகள் அத்தனை பேரும் போனார்கள். அவள் புருஷன் கஸ்பாரும் போனான். ஊதிப்போன உடம்புகளை லாரியில் அள்ளிப்போய் ஒரே குழியில் தள்ளினார்கள். எந்தக் குழி என்று கேட்கப் போன பெண்களை லத்தியைக் காட்டி விரட்டினார்கள். அடுத்த வருஷம் கம்பெனியார் கிடங்குக்கு எதிரே, சாலையோரம் இந்தக் கல்லை நட்டார்கள். மேலே ஒரு சிலுவை, கீழே இங்கிலீஷ் எழுத்து. "உங்க ஆளுங்களுக்குத்தான்" என்று மேஸ்திரி சொன்னான். செத்த இடத்துக்கு எதிரிலேயே கல் நட்டால் நம்பாமல் என்ன செய்வார்கள்?

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் கல்லறைத் திருநாளில் அந்தக் கல்லுக்குத் திருவிழாதான். அடைக்கலமேரி மெழுகுவர்த்தி ஏற்றுவாள். குப்பம்மா கல்லைக் கழுவி மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டுவாள். சாபிரா ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். மூன்று பேரின் புருஷன்களும் ஒரே கிடங்கில் செத்தவர்கள். குழி ஒன்று, கல் ஒன்று, அதனால் நாளும் ஒன்று போதும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது. சாதி, சாமி என்று ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

ஓவர்சியரிடம் சண்டை போட வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். கல்லில் கஸ்பார் பேர் இருப்பதைக் காட்டிவிட்டால் எவன் பெயர்ப்பான்? டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு ஆலிஸை, திருநாளுக்கு முந்தின நாள் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எம் புருஷன் பேரு எந்த வரில கீதுன்னு காட்டு கண்ணு. நான் வெரல வச்சுக்கிறேன்."

ஆலிஸ் குனிந்து படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். 

"அக்கா, இதுல கஸ்பார் அண்ணன் பேரு இல்ல. யாரு பேருமே இல்ல. ஹென்லின்னு ஒரு துரை பேருதான் கீது."

"இன்னா சொல்ற?"

"வெள்ளத்துல தன்னோட கூலிங்கள காப்பாத்தப் போராடி உயிர விட்டாருன்னு போட்டுக்கீறாங்க."

அடைக்கலமேரி கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காப்பாற்றினானா? வெள்ளம் வந்த அன்று சாயந்திரம் கஞ்சித் தூக்கோடு கிடங்கு வாசலில் நின்றவள் அவள். ரேஷன் காலம், கூலிகள் மடியில் அரிசி கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று வெளியே பூட்டுப் போட்டவன் அந்த ஹென்லி. வாசலுக்கு முழங்கால் தண்ணீர் வந்ததும் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். காரில் ஏறப்போனவனின் காலைப் பிடித்தாள். மூட்டைக் கணக்கு முடியட்டும், வந்து திறக்கிறேன் என்று மேஸ்திரி மூலம் சொல்லிவிட்டுச் சாவியோடு போனான். கால்வாய்ப் பாலத்தில் காரோடு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனான். அந்தப் பாவிக்கா இத்தனை வருஷம் மெழுகுவர்த்தி?  தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

நேரே போய் மற்ற இருவரிடமும் சொன்னாள். குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த கட்டையில போறவனுக்கா நான் மஞ்ச பூசினேன்? எங்கையாலயே?" சாபிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு வராம இருந்துட்டா, நம்ம ஆளுங்களுக்கு யாரு கீறாங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் காலை ஓவர்சியர் கடப்பாரை ஆட்களோடு வந்து நின்றார். அழுகை, சாபம், மண்வாரித் தூற்றல் எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தவர், அடைக்கலமேரியைக் கண்டதும் முந்திக்கொண்டார். "கவலைப்படாதேம்மா. பெரிய மனுஷன் கல்லுன்னு தெரியும். மரியாதையா வெள்ளைக்காரன் கல்லறைத் தோட்டத்துல கொண்டுபோய் நட்டுடறோம்."

"தூக்கிகினு போ" என்றாள் அவள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று பெண்களும் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடுச்சாலைக்கு நடந்தார்கள். கம்பெனி கிடங்கை விற்றுவிட்டு எப்போதோ கப்பல் ஏறிவிட்டது. வாங்கினவன் கட்டடத்தை இடித்தான், முன்பக்கத்தைச் சாலை விழுங்கியது. கிடங்கு வாசலுக்கு அடையாளமாக மிஞ்சியிருந்த பழைய புளியமரத்துக்கு நேராக அடைக்கலமேரி நின்று காலால் தாரைத் தட்டிக் காட்டினாள். மூவரும் அங்கேயே உட்கார்ந்தார்கள். குப்பம்மா கற்பூரத்தை வைத்தாள். சாபிரா ஊதுபத்தியைச் சாலைப் பிளவில் செருகினாள். எண்ணூரிலிருந்து வந்த லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மாட்டுவண்டிகள். ஆரன் சத்தம் காதைப் பிளந்தது.

ஓவர்சியர் ஓடிவந்தார். "என்னம்மா இது அக்கிரமம்? நடுரோட்டிலயா கொளுத்துவாங்க? கல்லு அங்க இருக்கு, அங்க போய்க் கொளுத்து."

"அது பூட்டினவனோட கல்லு. பூட்டுக்குள்ள செத்தவங்க இங்க கீறாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ நிக்கிற எடத்துலதான்யா கதவு இருந்துச்சு. அந்தப் பக்கம் எம் புருஷன் தட்டிகினே இருந்தான். இந்தப் பக்கம் நான் நின்னேன். உன் கால எடு."

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார். லாரிக்காரனைப் பார்த்து ஆரனை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அடைக்கலமேரி அவர் கால் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியை நட்டாள்.