இருபத்தேழு மணி நேர ஞாயிறு

சைதாப்பேட்டை பஸ் நிலையத்தில் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து விசில் ஊதும் டைம் கீப்பர் செந்தில்குமாருக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம், கடிகார நம்பிக்கை ரொம்ப. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று இருபத்திரண்டு வருஷமாக எழுதி வருகிறவர். கல்யாணத்தன்று முகூர்த்தம் ஆறு நிமிஷம் தாமதமாகிவிட்டதென்று மாலையும் கழுத்துமாக ஐயரிடம் சண்டைக்குப் போனார் என்று அவர் மனைவி ஜானகி சொல்வாள். அவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நாலு நிமிஷம்தான் என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே பெண், நிலா. பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கு என்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு எழுதட்டுமே என்று பள்ளிக்கூட டீச்சர் வாயைத் திறந்ததுதான் தாமதம், அசோக் நகரில் ஒரு கோச்சிங் வகுப்பில் மகளைச் சேர்த்துவிட்டு வந்து அளவுகோலும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார் செந்தில்குமார். அடையாறு போகிற வண்டிகளையெல்லாம் அந்த ஐ.ஐ.டி. வாசல் வழியாக அனுப்பிக்கொண்டே இருப்பவர் அவர். ஒருநாள் தன் வீட்டு ஆளும் அந்த நிறுத்தத்தில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஜானகியிடம் தினம் இரண்டு வேளை சொல்வதைத் தவிர.

டிரைவர் கண்டக்டருக்கு டூட்டி போடுகிற மாதிரியேதான் மகளுக்கும் வார அட்டவணை போட்டார். ஒரு பாடத்துக்கு உட்கார்ந்து எழுந்தால் அது ஒரு நடை. மாலை ஐந்து மணிக்கு இயற்பியல், ஒரு நடை. ஆறரைக்கு டீ, எட்டு நிமிஷம். ஆறு முப்பத்தெட்டுக்கு வேதியியல் கிளம்பியாக வேண்டும். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஸ்பெஷல் நடை மூன்று. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் எடுக்கப் போனாலும் அட்டவணையின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

முதல் வாரம் ஜோராக ஓடியது. இரண்டாம் வாரம் அபிராமபுரத்தில் அத்தை வீட்டுக் காதுகுத்து. மூன்றாம் வாரம் நிலாவுக்குப் பல்வலி, கன்னம் பூரியாக உப்பிவிட்டது. நாலாம் வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் கரண்ட் இல்லை. விடுபட்ட ஒவ்வொரு நடையையும் செந்தில்குமார் சிந்தாமல் சிதறாமல் அள்ளி அடுத்த வாரத்தில் போட்டார். கடமை என்றால் கடமை. நிலாவோ சொன்ன சொல் தட்டாத பெண், அதுதான் வினையே. போன செவ்வாய்க்கிழமைப் பாடத்தை இந்த வெள்ளிக்கிழமை துரத்திக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைப் பாடம் காதில் ஏறவில்லை. ஆறாம் வாரம் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே இருபத்தேழு மணி நேரப் படிப்பு வந்து நின்றது. செந்தில்குமார் மறுபடி கூட்டிப் பார்த்தார். கணக்கு சரிதான். குளிக்கிற நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார்.

அந்த வாரம் கோச்சிங்கில் வைத்த மாதிரித் தேர்வில் நிலாவுக்கு முந்நூறுக்கு ஐம்பத்திரண்டு. அவள் அழவில்லை. தேர்வே எழுதப் போவதில்லை, விண்ணப்பமும் போட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. ஜானகி இதைக் கணவனிடம் சொல்லும்போது கூடவே நாலு வார்த்தை சேர்த்துத்தான் சொன்னாள். அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போடு என்பது அதில் ஒன்று.

 செந்தில்குமார் இரவெல்லாம் புரண்டார். ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? விடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து இன்னும் கறாராக ஒரு புது அட்டவணை போட்டு ஒட்டினார். அந்த மும்முரத்தில் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு நிலா டப்பாவோடு பஸ் நிலையத்துக்கு வந்தாள். மறு கையில் அந்தச் சிவப்பு அட்டவணை, நாலாக மடித்து. திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானமாகத்தான் வந்திருந்தாள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அடையாறிலிருந்து தி.நகர் போகிற வண்டிகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்தன. வழியெல்லாம் மழைத் தண்ணீர். முதல் வண்டி முக்கால் மணி தாமதம், பிதுங்கி வழிகிற கூட்டம். பின்னால் வந்த இரண்டும் காற்றாட வந்தன. முதல் வண்டியின் டிரைவர் குலாம் முகம்மது, செந்தில்குமாரின் பழைய தோஸ்து, இறங்கி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே இன்னா பண்றது என்று கேட்டார்.

செந்தில்குமார் யோசிக்கக்கூட இல்லை. "போன நடை போச்சு பாய். அத்த தொரத்திக்கினு போனா கடைசி வண்டி வரிக்கும் எல்லாமே லேட்டாவும். ஜனத்த பின்னாடி வண்டில ஏத்து. இங்கியே திருப்பு, மூணு மணி அடையாறு வண்டிய மூணு மணிக்கே எடு."

நோட்டில் அந்த நடைக்கு நேரே 'கட்', அதாவது ரத்து, என்று எழுதினார். கண்டக்டர் ஆட்களை இறக்கினார். இப்படிப் பாதியில் திருப்பும்போதெல்லாம் ஒருவர் மட்டும் இறங்க மாட்டார். அது எழுதப்படாத சட்டம். இன்றைக்கு அது கட்டைப் பையோடு ஒரு பெரியவர். தி.நகர் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன், இந்த வண்டியில்தான் போவேன் என்று படியில் நின்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

நிலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அட்டவணையைப் பிரித்து அப்பாவின் நோட்டின் மேல் வைத்தாள்.

"நைனா, அந்த வண்டி முக்கா மணி நேரம் லேட்டு. ஒரு செகண்டுல கட் குடுத்துட்ட. நான் இருபத்தேழு மணி நேரம் லேட்டு. எனக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேன்ற?"

  செந்தில்குமார் சிவப்பு மையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. எவனோ ஓட்டுகிற வண்டிக்குக் காட்டுகிற இரக்கத்தைப் பெற்ற பெண்ணிடம் காட்டாமல் போய்விட்டோமே என்று நொந்துகொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எல்லாத்தையும் வுட்டுடலாம், இயற்பியல்ல அந்தச் சுழற்சி இயக்கம் மட்டும் ஞாயித்துக்கிழமை ஓரமா ஒரு நடை, அதுல கேள்வி நிறைய வருமாம் என்று குழைந்தார்.

நிலா படியில் நிற்கிற கட்டைப் பைப் பெரியவரைக் காட்டினாள். "நீயும் அவுரு மாதிரியே பேசற நைனா. எறங்கு."

குலாம் முகம்மது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எறங்கிடு செந்திலு. டிக்கெட் வச்சிக்கினு இருந்தாலும் எறங்கித்தான் ஆவணும்."

செந்தில்குமார் பேனாவை எடுத்தார். அட்டவணையின் குறுக்கே, ஐந்து வாரத்துப் பாக்கிக்கும் சேர்த்து, 'கட்' என்று எழுதினார். மணி 2.58 என்று போட்டுக் கையெழுத்திட்டார்.  அந்தப் பாடங்களிலிருந்து பத்துக் கேள்வி வரலாம், வராமலும் போகலாம். வந்தால் போகட்டும்.

"பரிச்சைக்கு ஃபாரம் போடுவியா கண்ணு?" என்றார். 

"திங்கக்கிழமை அஞ்சு மணி வண்டிய காலியா அனுப்புவியா, பழச எல்லாம் ஏத்தி அனுப்புவியா?"

"காலியா."

"அப்ப போடறேன்."

அந்த நேரத்துக்குப் பெரியவரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் பின் வண்டியில் ஏறினார். அன்று மாலையே விண்ணப்பம் போயிற்று. அடுத்த அட்டவணையை நிலாவே எழுதினாள். அதில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் செந்தில்குமாருக்குக் கை அரித்தது. ஜானகி வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள்.

திங்கட்கிழமை மாலை கூண்டுக்குள் செந்தில்குமார் வண்டிகளைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஐந்து மணிக்கு ஜானகி கூப்பிட்டாள். குட்டி படிக்க ஒக்காந்துட்டா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். செந்தில்குமார் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். அந்த நேரத்துக்கு எந்த வண்டியும் கிடையாது. டீக்கடையில் பாதி கிளாஸோடு நின்ற குலாம் முகம்மது, தன் வண்டிக்குத்தான் விசில் என்று நினைத்து, கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்தார்.