கம்பெனி கொடுத்த நாற்காலி

எங்கள் நகர மன்றத்தில் ஒரு நல்ல விதி உண்டு. தீர்மானத்தை வாசித்ததும் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து நின்று ஆட்சேபித்தாலும், ஊரைக் கூட்டிக் கேட்காமல் அதை நிறைவேற்ற முடியாது. ஊர் நிலத்தின் மேல் கண் வைத்த கம்பெனி அந்த விதியில் கை வைக்கவில்லை. எங்கள் நாற்காலிகளை மாற்றிவிட்டது.

எல்லாம் மெத்தை நாற்காலிகள், அன்பளிப்பாம். உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே போய்விடும். மன்றத் தலைவர் என் கூடப் பிறந்த அண்ணன். "ஆட்சேபம் உண்டா, இல்லை, நிறைவேறியது" என்று ஒரே மூச்சில் சொல்லி மேசையைத் தட்டுவார். என் முட்டியோ தையல் மெஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்தது. போன கூட்டத்தில் நான் கையை ஊன்றி எழுவதற்குள் விளையாட்டு மைதானம் கம்பெனிக்குப் போய்விட்டது. ஏகமனதாக நிறைவேறியதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கு ஏரி. எங்கள் தெருக்குழாய்க்குத் தண்ணீர் வருவதே அதிலிருந்துதான். தீர்மானத்தைக் கம்பெனி வக்கீலே எழுதி அனுப்பியிருந்தார். அண்ணனுக்கு வாசிக்கிற வேலை மட்டும்தான்.

"இன்னைக்கு நான் உட்காரவே போறதில்ல" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உன் முட்டிகிட்ட கேட்டியா?" என்றார்.

கூட்டம் தொடங்கியது. நின்றேன். அண்ணன் பக்கத்தில் இருந்த கம்பெனி மேனேஜர் தேனொழுகப் பேசினார்.

"உட்காருங்கம்மா. உங்க வசதிக்குத்தானே வாங்கிக் கொடுத்தோம்."

"என் வசதிக்குன்னா எழுந்திருக்கிற மாதிரி வாங்கியிருப்பீங்க."

யாரோ சிரிப்பை இருமி மறைத்தார்கள். அண்ணன் ஏரியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று இழுத்தார். தங்கை முட்டியைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாதா? வலி தொடை வரை ஏறியது.

"பிடிவாதம் பிடிக்காத. உட்காரும்மா" என்றார் மெதுவாக. அதில் கொஞ்சம் பாசமும் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"நீங்க படிங்கண்ணே."

படித்தார். "ஆட்சேபம் உண்டா" என்றவர் அடுத்த வார்த்தை வராமல் என்னையே பார்த்தார்.

"இருக்கு. ஊரைக் கூட்டிக் கேளுங்க."

மேனேஜரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "ஒரு ஆட்சேபம்னு எழுதிக்குங்க" என்று அண்ணன் எழுத்தரிடம் எரிந்து விழுந்தார்.

பக்கத்து நாற்காலியில் மளிகைக்கடைக்காரர் எழ முடியாமல் முண்டிக்கொண்டிருந்தார். மைதானம் போனபோது வாயே திறக்காத மனுஷன். என் பக்கம் கையை நீட்டினார்.

"அக்கா, கொஞ்சம் தூக்கி விடுங்க. ரெண்டுன்னு எழுதட்டும்."